ஆறாம் விரலும் ஓர் ஊரின் வம்சாவளியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவ அறிவு மருத்துவர்களோடு நின்றுவிடக் கூடாது, தமிழில் பொதுமக்களிடம் போய்ச் சேரவேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அதற்கேற்ற பொருளாக விரல்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை பிறந்ததும் பெரியவர்கள் கையில் வாங்கி முதலில் பார்ப்பது முகத்தை. அடுத்து விரல்களை எண்ணுவார்கள். பத்தும் பத்தும் சரியாக இருந்தால் நிம்மதி. ஒன்று கூடினால் அதிர்ஷ்டம் என்பார் ஒருவர், கிரகண வேளையில் தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்பார் இன்னொருவர். குறைந்தாலோ பேச்சு வேறு திசையில் போகும். யார் வீட்டுப் பாவம் என்ற விசாரணை தொடங்கிவிடும்.

அந்த விசாரணைக்கு அறிவியல் சொல்லும் விடையே இன்றைய பேச்சு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே வாழும் ஆமிஷ் மக்களிடையே கைகளில் ஆறு விரலோடும் குட்டையான கைகால்களோடும் சில குழந்தைகள் பிறக்கின்றன. உலகில் வேறெங்கும் மிக அரிதான இந்நிலை அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஏன் அடிக்கடி தோன்றுகிறது? அதைத் தேடிப் போனவர்கள் எதைக் கற்றார்கள்? கற்றதற்கு ஈடாக அந்த மக்களுக்கு என்ன கொடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. விரலை வைத்துத் தொடங்கிய மரபியல்

மனிதரில் மரபுவழிப் பண்புகளை ஆராய வந்தவர்கள் மறுபடி மறுபடி விரல்களிடமே வந்து சேர்ந்தார்கள். காரணம் எளிது. உயரமோ நிறமோ அளவில் மாறிக்கொண்டே போகும், எல்லைக்கோடு போடமுடியாது. விரலை எண்ணிவிடலாம். பிறந்த அன்றே தெரியும், இறக்கும்வரை மாறாது. இறந்துபோன பாட்டிக்கு எத்தனை விரல் என்றுகூடக் குடும்பத்தில் யாராவது ஒருவர் நினைவு வைத்திருப்பார்.

பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவராயிருந்த பிரெஞ்சுக்காரர் மோபெர்த்துயி 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதைப் பயன்படுத்தினார். பெர்லினில் யாக்கோப் ரூஹே என்ற அறுவை வைத்தியர் இருந்தார். அவருக்குக் கையிலும் காலிலும் ஆறாறு விரல். அவருடைய தாய்க்கும் அப்படியே, தாயின் தாய்க்கும் அப்படியே. ரூஹேயின் ஆறு பிள்ளைகளில் இருவருக்கும் அதே அமைப்பு. மோபெர்த்துயி 1752இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் இப்படிப்பட்டவர்கள் இருவரே அகப்பட்டார்கள். கண்ணுக்குத் தப்பியவர்கள் இன்னும் மூவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 20,000 பேருக்கு ஒருவர். தற்செயலாகவே ஒருவருக்கும் அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆறு விரல் வரவேண்டுமானால் 20,000ஐ மூன்றுமுறை பெருக்கவேண்டும். எட்டு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. ஆகவே இது தற்செயல் இல்லை, தலைமுறை வழியாகக் கைமாறுவது என்றார். மெண்டல் பட்டாணிச் செடிகளில் இறங்குவதற்கு நூறாண்டுக்கு முன்பே, மனிதக் குடும்பம் ஒன்றில் நிகழ்தகவைக் கொண்டு மரபைக் காட்டிய முயற்சி அது.

மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. மூன்றே ஆண்டுகளில், 1903இல், ஹார்வர்டில் வில்லியம் ஃபாரபி என்ற மானிடவியல் மாணவர் முனைவர் பட்டத்துக்காகப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தில் பலருக்கு விரல்கள் குட்டை. விரலின் நடு எலும்பு மிகச் சிறுத்தோ, பக்கத்து எலும்போடு ஒட்டியோ இருந்தது. ஐந்து தலைமுறைகளை வரைந்து பார்த்தபோது ஒழுங்கு தெரிந்தது. குட்டை விரல் உள்ளவரின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குட்டை விரல். விரல் சரியாக இருப்பவரின் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இல்லை. மெண்டல் சொன்ன ஓங்கு பண்பு மனிதரிலும் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுதான்.

ஃபாரபியின் குடும்பம் ஒரு வகை. லங்காஸ்டரில் நாம் பார்க்கப்போவது வேறு வகை. ஓங்கு பண்பு மறையாது. பெற்றோரில் ஒருவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒடுங்கு பண்போ தலைமுறை தலைமுறையாகத் தரைக்கடியில் ஓடும் நீர்போல வந்து, எதிர்பாராத இடத்தில் மேலெழும். பெற்றோர் இருவருக்கும் கைகளில் பத்துப் பத்து விரல். குழந்தைக்கு மட்டும் பன்னிரண்டு. அதனால்தான் இந்த வகையில் பழி சொல்வதும் சுலபம், விடை காண்பதும் கடினம்.

2. லங்காஸ்டரும் அதன் மக்களும்

ஆமிஷ் மக்கள் கிறிஸ்தவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஏற்காமல், விவரம் தெரிந்த பிறகே அதைப் பெறவேண்டும் என்ற கொள்கையால் ஐரோப்பாவில் துன்புறுத்தப்பட்ட மரபைச் சேர்ந்தவர்கள். சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் 1693இல் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்த கூட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. சமய விடுதலை கிடைக்கும் என்பதால் 18ஆம் நூற்றாண்டில் சிறு சிறு குழுக்களாகக் கப்பலேறிப் பென்சில்வேனியா வந்தார்கள். வந்தவர்கள் சில நூறு பேர்தான்.

இன்றும் அவர்கள் குதிரை வண்டியில் போகிறார்கள். வீட்டுக்கு வெளி மின்கம்பி இழுப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. வீட்டில் ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றைப் பேசுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆறு ஏழு பிள்ளைகள் என்பது சாதாரணம். சபைக்கு வெளியே மணம் செய்தால் சபையை விட்டுப் போகவேண்டும். வெளியார் உள்ளே வருவது மிக அரிது.

ஆராய்ச்சியாளருக்கு இப்படிப்பட்ட சமூகம் கிடைப்பது எளிதல்ல. குடும்பங்கள் பெரியவை, ஊரைவிட்டுப் போகாதவை. யாருக்கு யார் உறவு என்பதை அவர்களே குலவரலாற்று நூல்களாக அச்சிட்டு வீட்டில் வைத்திருக்கிறார்கள். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்திலிருந்து பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் குறித்து வைத்த மக்கள் அவர்கள்.

3. மக்கூசிக் போட்ட பட்டியல்

விக்டர் மக்கூசிக் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவர். இதயநோய்ப் பிரிவிலிருந்து மரபியலுக்கு வந்தவர். மருத்துவ மரபியல் என்ற துறை நிலைபெறக் காரணமானவர்களில் முதன்மையானவர். 1960களின் தொடக்கத்தில் இரண்டு எழுத்துகள் அவர் கவனத்தை லங்காஸ்டர் பக்கம் திருப்பின. ஆமிஷ் குடும்பத்தில் பிறந்து சமூகவியலாளரான ஜான் ஹாஸ்டெட்லர் தம் மக்களைப் பற்றி எழுதிய நூலின் கையெழுத்துப் படி ஒன்று. லங்காஸ்டர் நாட்டுப்புறத்தில் தொழில் செய்த டேவிட் க்ரூசன் என்ற மருத்துவர், ஆமிஷ் மக்களிடையே குள்ளமானவர்கள் அதிகம் என்று கண்ட செய்தி மற்றொன்று.

க்ரூசனோடும் சமூகவியலாளர் ஜானிஸ் எகெலண்டோடும் சேர்ந்து மக்கூசிக் பண்ணை பண்ணையாகப் போனார். ஒரே வகைக் குள்ளம் என்று ஊர் நினைத்திருந்தது இரண்டு வேறு நோய்கள் என்பது தெரிந்தது. ஒன்றில் முடி மெலிந்தும் நிறம் வெளிறியும் இருக்கும், விரல் எண்ணிக்கை சரியாக இருக்கும். மற்றொன்றில் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலுக்கு அப்பால் ஆறாவது விரல் இருக்கும். சிலருக்குக் காலிலும் அப்படி. முன்கையும் முழங்காலுக்குக் கீழும் குட்டை. நகங்கள் சுருங்கிக் கிடக்கும். சில குழந்தைகள் பல்லோடு பிறக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயத்தில் கோளாறு. அதில் முக்கியமானது, இரண்டு மேலறைகளுக்கும் இடையே சுவரே இல்லாமல் ஒரே அறையாக இருப்பது.

இந்த நோய்க்கு எல்லிஸ்–வான் கிரெவெல்ட் என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. எடின்பரோவின் ரிச்சர்ட் எல்லிஸும் ஆம்ஸ்டர்டாமின் சைமன் வான் கிரெவெல்டும் 1940இல் சேர்ந்து அதை விவரித்திருந்தார்கள். குழந்தை மருத்துவ மாநாடு ஒன்றுக்கு ரயிலில் ஒரே பெட்டியில் பயணம் செய்தபோது பேச்சுவாக்கில் இருவரிடமும் இதே போன்ற நோயாளி இருப்பது தெரியவந்தது என்று மருத்துவ உலகில் ஒரு கதை உண்டு. அதன்பின் கால் நூற்றாண்டில் உலகம் முழுவதிலிருந்தும் பதிவானவர்கள் சில பத்துப் பேர். மக்கூசிக் குழு 1964இல் வெளியிட்ட கட்டுரையில் லங்காஸ்டர் என்ற ஒரே மாவட்டத்திலிருந்து, 30 குடும்பங்களைச் சேர்ந்த 52 பேர் இடம்பெற்றார்கள். அதுவரை மருத்துவ நூல்கள் அனைத்திலும் பதிவானவர்களுக்கு ஏறக்குறையச் சமமான எண்ணிக்கை. அப்போது அங்கிருந்த ஆமிஷ் மக்கள் 8,000 பேர் அளவுதான். அந்த 52 பேரில் பலர் பிறந்த சில மாதங்களிலேயே இறந்துபோனவர்கள். அவர்களின் ஆறு விரலைத் தாய்மாரும் மருத்துவச்சிகளும் நினைவில் வைத்திருந்தார்கள்.

குலவரலாற்று நூல்களைத் திறந்து ஒவ்வொரு குழந்தையின் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மேலே ஏறிக்கொண்டே போனார்கள். கோடுகள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடின. 1744இல் அமெரிக்கா வந்து சேர்ந்த சாமுவேல் கிங்கும் அவர் மனைவியும். அந்தத் தம்பதியில் ஒருவர் இந்தப் பிறழ்ந்த மரபணுவின் ஒரு படியைச் சுமந்து வந்திருக்கவேண்டும். அவருக்கு ஐந்து விரல்தான் இருந்திருக்கும். தாம் எதையாவது சுமக்கிறோம் என்பதை அறிய அவருக்கு எந்த வழியும் இல்லை.

4. ஒரு சிறிய கணக்கு

மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளலாம். ஒடுங்கு நோய் வரவேண்டுமானால் குழந்தைக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பிறழ்ந்த மரபணு இரண்டு படிகள் கிடைக்கவேண்டும். ஒரு படி மட்டும் உள்ளவருக்கு எந்தக் குறையும் இருக்காது. அவர் சுமப்பவர் மட்டுமே. லங்காஸ்டர் ஆமிஷ் மக்களில் இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவு என்று மதிப்பிட்டார்கள். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். கணவர் சுமப்பவராக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு, மனைவிக்கும் எட்டில் ஒன்று, இருவரும் சுமப்பவர்களானால் குழந்தைக்கு இரண்டு படியும் சேர நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 256இல் ஒன்று. ஆயிரம் பிறப்புக்கு நான்கைந்து. கண்ட எண்ணிக்கையும் அதுவே. உலகின் மற்ற மக்களில் இந்த நோய் 60,000 முதல் 2,00,000 பிறப்புக்கு ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள்.

ஓர் அரிய மரபணு இந்த அளவுக்குப் பெருகியது எப்படி? அது யாருக்கும் நன்மை செய்து பெருகவில்லை. வந்தவர்கள் சில நூறு பேர். அவர்களில் ஒருவரிடம் அது இருந்தது என்றாலே தொடக்கப் பங்கு பெரிதாகிவிடுகிறது. அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதிகமானால் பங்கு மேலும் கூடும். வெளியிலிருந்து ஆள் சேராததால் அது நீர்த்துப்போக வழியில்லை. இதை நிறுவனர் விளைவு என்கிறோம்.

இங்கே ஒரு செய்தியை அடிக்கோடிட விரும்புகிறேன். ஆமிஷ் சபை அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளுக்குள் மணம் செய்ய அனுமதிப்பதில்லை. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் வந்த நோய் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் உறவு பார்த்து விலகித்தான் மணம் செய்கிறார்கள். ஆனால் ஏழெட்டுத் தலைமுறைக்கு மேலே போனால் எல்லோருக்கும் எல்லோரும் பல வழிகளில் உறவு. நெருங்கிய ஒரு கோடு கொடுக்காததைத் தூரத்துப் பல கோடுகள் சேர்ந்து கொடுத்துவிடுகின்றன.

இன்னொரு சான்றும் உண்டு. ஆமிஷ் என்ற பெயருக்கே இந்த நோய் சொந்தமில்லை. ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் அதனதன் மூதாதையர் விட்டுப்போனது வேறு. பென்சில்வேனியாவின் மிஃப்லின் மாவட்டத்து ஆமிஷ் மக்களிடம் ஒருவகைப் பிறவி இரத்தசோகை. இண்டியானாவின் ஆடம்ஸ் மாவட்டத்தில் தசைச் சிதைவு நோய் ஒன்று. அதே ஆடம்ஸ் மாவட்டத்தில் பெர்ன் என்ற ஊரைச் சுற்றி வாழ்பவர்களிடம் வேறொரு மரபணு மாற்றமும் உண்டு. அதன் ஒரு படியைச் சுமப்பவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் பத்தாண்டு கூடுதலாக வாழ்ந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. மூதாதையர் விட்டுச் செல்வது எப்போதும் கடனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

5. கருவில் நடப்பது

கருவின் நான்காம் வாரத்தின் இறுதியில் கை ஒரு சிறு மொட்டாக எட்டிப் பார்க்கிறது. ஆறாம் வாரத்தில் அது துடுப்பைப் போல் தட்டையாகி, விரல்களின் கோடுகள் தோன்றுகின்றன. எட்டாம் வாரத்துக்குள் இடையிலுள்ள சவ்வின் செல்கள் தாமாக மடிந்து விரல்கள் பிரிகின்றன. அந்தச் சவ்வு மடியாவிட்டால் ஒட்டுவிரல். தட்டின் நடுப்பகுதி வளராமல் போனால் பிளவுக்கை அல்லது பிளவுப் பாதம். விரல் எங்கே தொடங்கவேண்டும், எத்தனையோடு நிற்கவேண்டும் என்ற கட்டளை பிழைத்தால் மிகைவிரல்.

அந்தக் கட்டளை மொட்டின் சுண்டுவிரல் ஓரத்திலிருந்து புறப்படுகிறது. கோழிக் கருவில் அந்த ஓரத்துத் திசுவை வெட்டி எதிர் ஓரத்தில் ஒட்டினால், கண்ணாடியில் தெரிவதுபோல் இன்னொரு வரிசை விரல்கள் முளைப்பதை ஜான் சாண்டர்ஸ் 1960களில் செய்து காட்டினார். அங்கே சுரக்கும் புரதத்தை 1990களில் கண்டுபிடித்தார்கள். கணினி விளையாட்டுப் பாத்திரம் ஒன்றின் நினைவாக அதற்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள்.

லங்காஸ்டர் மரபணு இந்தச் சங்கிலியில் எங்கே வருகிறது? இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜூடித் குட்ஷிப் தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் நான்காம் குரோமோசோமில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. சில ஆண்டுகளுக்குள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபணுவும் தெரியவந்தது. இரண்டில் எது பழுதானாலும் இதே நோய்தான். இவை ஆக்கும் புரதங்கள் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுண்ணிய குறுயிழையின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. ஹெட்ஜ்ஹாக் செய்தியைச் செல் வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். செய்தி அனுப்பப்படுகிறது, வாங்கும் இடத்தில் கோளாறு. எலும்பு வளர்ச்சிக்கும் பல் முளைப்பதற்கும் இதயச் சுவர் எழும்புவதற்கும் இதே செய்தி தேவை. ஆறாம் விரலும் இதயக் கோளாறும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவதன் காரணம் இப்போது விளங்குகிறது.

ஃபாரபியின் குட்டை விரல் குடும்பமும் இதே வீட்டுக்கே வந்து சேர்ந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. குட்டை விரலுக்குக் காரணமான மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுக் குடும்பங்களில் 2001இல் கண்டுபிடித்தார்கள். அது சோனிக்கின் உடன்பிறப்பான இந்தியன் ஹெட்ஜ்ஹாக். 2005இல் ஃபாரபியின் குடும்பத்து வழித்தோன்றல்களிடமும் அதே மரபணுவில் பிறழ்வு உறுதியானது. பிரிட்டனில் ஹாரி டிரிங்க்வாட்டர் என்ற மருத்துவர் நூறாண்டுக்கு முன் விவரித்த குடும்பத்திலும் அந்த மரபணுவில் அதே எழுத்து மாற்றம். கடலின் இரு கரையிலும் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒரே வேரைச் சேர்ந்தவை.

6. பழி சொல்லும் கதைகள்

இத்தனையும் தெரிவதற்கு முன் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் கதை வைத்தார்கள்.

ஸ்காட்லாந்தின் விக்டவுன் பகுதியில் நண்டின் கொடுக்கு போல் பிளந்த கைகால்களோடு பிறந்தவர்களைக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. 1908இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் அந்த மரபை விவரித்து எழுதினார். ஊரில் வழங்கிய கதை வேறு. 1685இல் அரசனின் சமய ஆதிக்கத்தை ஏற்க மறுத்த இரண்டு பெண்களை விக்டவுனில் கடலோரக் கழியில் கட்டிவைத்து, ஏறிவரும் அலையில் மூழ்கடித்துக் கொன்றார்கள். இது வரலாறு. அதை முன்னின்று நடத்திய காவலர் ஒருவர் அந்தப் பெண்களை நண்டுகளோடு ஒப்பிட்டுக் கேலி பேசினார், அந்தச் சாபத்தால் அவர் வம்சத்துக்கு நண்டுக் கை வந்தது என்பது கதை. கொடுமையைக் கண்ட மனம் நீதி கேட்பது இயல்புதான். ஆனால் அந்த நீதியின் சுமையை இருநூறு ஆண்டுகளாகப் பச்சைக் குழந்தைகள் அல்லவா தாங்கினார்கள்?

ஜிம்பாப்வே, ஜாம்பியா, மொசாம்பிக் மூன்றும் சந்திக்கும் ஜாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடோமா மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் சில குடும்பங்களில் பாதத்தின் நடு மூன்று விரல்களும் இல்லாமல், ஓரத்து விரல்கள் இரண்டு மட்டும் உள்நோக்கி வளைந்து பெரிதாக இருக்கும். இது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு. பாதிக்கப்பட்டவர்கள் அந்த மக்களில் சிறுபான்மையினரே. நடக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் வெளியுலகப் பத்திரிகைகள் அவர்கள் எல்லோரையும் சேர்த்து நெருப்புக்கோழி மனிதர்கள் என்று தலைப்பிட்டன. மரமேற இந்தப் பாதம் உதவுகிறது என்றும் அளந்தன. அதற்குச் சான்று கிடையாது. வேட்டையாடியும் உணவு தேடியும் வாழ்ந்த ஒரு சிறு சமூகத்தின் நிலம், பசி, பள்ளிக்கூடம் பற்றி எழுத வராத கேமராக்கள் கால் விரலுக்காக வந்தன.

மிகை விரல் எல்லாமே நோய் என்று இதுவரை சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிகை விரலோடு பிறப்பவர்களில் பெரும்பாலோருக்கு வேறெந்தக் குறையும் இருப்பதில்லை. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த ஸ்வப்னா பர்மனுக்கு இரு பாதங்களிலும் ஆறாறு விரல். அவருக்கு இருந்த சிக்கல் காலில் இல்லை, கடையில் விற்கும் காலணியில் இருந்தது.

7. அறிவியல் பட்ட கடன்

லங்காஸ்டர் மக்களிடமிருந்து மருத்துவம் பெற்றது ஏராளம். நிறுவனர் விளைவுக்குப் பாடநூல் காட்டும் முதல் எடுத்துக்காட்டு அவர்கள். மக்கூசிக் 1966இல் முதன்முதலாக நூலாக வெளியிட்ட மனித மரபுநோய்ப் பட்டியல் இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் இணையத்தில் தேடும் கருவூலமாக வளர்ந்திருக்கிறது. அதன் தொடக்கக் காலப் பக்கங்களில் ஆமிஷ் குடும்பங்களின் பங்கு பெரிது. ஆமிஷ் தாய் ஒருவர் ஆறு விரல் குழந்தையை ஏந்தியிருக்கும் படம் பல நாட்டு மாணவர்களின் பாடநூலில் அச்சாகியிருக்கிறது. தம்மைப் படம் எடுப்பதை விரும்பாத மரபைச் சேர்ந்தவர்கள் அவர்கள் என்பதையும் அந்த மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

கட்டுரைகள் வந்தன, பட்டங்கள் வந்தன. குழந்தைகளுக்கு என்ன வந்தது? நீண்ட காலம் அதிகம் வரவில்லை. ஆமிஷ் மக்கள் காப்பீடு எடுப்பதில்லை. சபையே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். பெருநகர மருத்துவமனையின் கட்டணம் ஒரு முழுச் சபையின் சேமிப்பைக் கரைத்துவிடும்.

1988இல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற இளம் குழந்தை மருத்துவரிடம் ஆமிஷ் சிறுவன் ஒருவனின் சிறுநீர் மாதிரி வந்தது. மூளைவாதம் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த அந்தச் சிறுவனுக்கு இருந்தது ஒரு பிறவி வளர்சிதைக் கோளாறு என்று அவர் கண்டார். அதே நோய் பல குடும்பங்களில் இருந்தது. உரிய நேரத்தில் உணவையும் காய்ச்சலையும் கவனித்தால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். ஆய்வகத்தில் இருந்தபடி கட்டுரை எழுதுவதைவிட ஊருக்கே போய் மருத்துவமனை கட்டுவது சரி என்று அவரும் அவர் மனைவி கரோலைனும் முடிவு செய்தார்கள். 1989இல் லங்காஸ்டர் மாவட்டத்தில் கிளினிக் ஃபார் ஸ்பெஷல் சில்ட்ரன் என்ற மருத்துவகம் தொடங்கியது. வீட்டை அடமானம் வைக்கப்போகிறார் என்ற செய்தியை நாளிதழில் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். ஆமிஷ் விவசாயி ஒருவர் நிலம் கொடுத்தார். ஆமிஷ் தச்சர்களும், அவர்களோடு நெருங்கிய சமய மரபைச் சேர்ந்த மெனனைட் தச்சர்களும் ஒன்றுகூடி, களஞ்சியம் எழுப்பும் தம் வழக்கப்படி மரச்சட்டம் சட்டமாகக் கட்டடத்தை எழுப்பினார்கள். அவர்கள் தைத்த மெத்தை விரிப்புகளை ஏலம் விட்டு வரும் பணம் ஆண்டுதோறும் மருத்துவகத்தின் செலவில் ஒரு பகுதியைத் தாங்குகிறது.

இங்கே மரபியல், குழந்தை பிறந்த சில நாட்களில் குறைந்த செலவில் செய்யும் ஒரு சோதனையாக மாறியது. சோதனையின் முடிவு அதே வாரம் சிகிச்சையாக மாறுகிறது. ஆறு விரல் குழந்தை பிறந்தால் விரலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதயத்தை ஒலி அலையால் பார்க்கவேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முந்தைய தலைமுறையில் சில மாதங்களில் இறந்திருக்கக்கூடியவர்களில் பலர் இதய அறுவைச் சிகிச்சையோடு வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். விரலை எண்ணி எழுதிய கட்டுரைக்கு ஈடு இதுதான் என்பேன்.

8. நம் வாசலில்

இந்த அவையில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் அண்மைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைக்கு, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு படியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16இல் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் அது 8இல் ஒன்று. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை, அரிய ஒடுங்கு நோய்களின் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

சொந்தத்தில் செய்யாதவர்களும் நிம்மதியாக எழுந்து போய்விட முடியாது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழுக்கள் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டன. அவற்றில் 81 குழுக்களிடம், உலகில் பெரிதும் பேசப்படும் அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்து மக்களையும்விட வலுவான நிறுவனர் விளைவு இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள குழுக்களும் அவற்றில் 14 இருந்தன. நூற்றாண்டுகளாகத் தம் சாதிக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்த மக்கள் நாம். ஆமிஷ் சபைக்குச் சுவர் கட்டியது சமயம். நமக்குக் கட்டியது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

மருத்துவ மாணவர்களுக்கு: கருவுற்ற பெண்ணின் அட்டையில் இரத்த வகையை எழுதுவதுபோல் மூன்று தலைமுறைக் குடும்பக் குறிப்பையும் எழுதுங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பத்து நிமிடப் பொறுமை போதும். விரல் கூடிய குழந்தைக்குக் கைகால் குட்டையாகவோ நகம் சிதைந்தோ மூச்சு வாங்கியோ இருந்தால் அன்றே இதயத்தைப் பார்க்க அனுப்புங்கள்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்: பிறவிக் குறைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. கண்டறிந்த குழந்தையின் பெற்றோருக்குத் தமிழில் மரபணு ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் மாவட்ட மருத்துவமனைகள்தோறும் இருக்கவேண்டும். ஒரு சமூகத்திடம் இரத்தம் எடுத்து ஆய்வு செய்பவர்கள் முடிவை அந்தச் சமூகத்துக்குப் புரியும் மொழியில் திருப்பிச் சொல்வதையும், சிகிச்சைக்கு வழிகாட்டுவதையும் ஆய்வின் நிபந்தனையாக்கவேண்டும்.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும்: குழந்தையின் விரலைக் காட்டி மருமகளின் குலத்தை விசாரிக்காதீர்கள். ஒடுங்கு நோயில் தாய் தந்தை இருவரின் பங்கும் சரிபாதி. கிரகணத்துக்கும் பாவத்துக்கும் அதில் பங்கு இல்லை. நம் ஒவ்வொருவரிடமும் இப்படி மறைந்து கிடக்கும் பிறழ்வுகள் சில உண்டு. துணையிடமும் அதுவே இருக்கும்போதுதான் வெளியே தெரிகிறது. விசாரிக்க வேண்டியது மருத்துவரிடம், அதுவும் திருமணத்துக்கு முன்பே.